பிரேசல் வேர்ப்: ஆங்கிலக் கூட்டுவினையும் வாழைச்சேனை வழக்கும்

பிரேசல் வேர்ப் என்பது ஒரு வினைச்சொல்லும் அப், டவுன், ஓஃப், அவுட் போன்ற சிறு இடைச்சொல்லும் சேர்ந்து ஒரே வினையாக நிற்கும் ஆங்கிலச் சொற்சேர்க்கை. சிட் டவுன் போன்றவற்றில் பொருள் வெளிப்படையாகவே தெரியும். பலவற்றில் அப்படி இல்லை. கிவ் என்றால் கொடு; கிவ் அப் என்றால் கைவிடு. புட் என்றால் வை. புட் ஓஃப் என்றால் தள்ளிப்போடு. தமிழில் இதைக் கூட்டுவினை என்றும் சொற்றொடர் வினை என்றும் எழுதுகிறார்கள். வகுப்பறையில் பெரும்பாலும் ஆங்கிலப் பெயரே வழங்குகிறது.

பெயர் புதிது, சிக்கல் பழையது. 1755இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜோன்சன், அயல்மொழியினரை மிகவும் தடுமாறவைப்பது இந்தச் சேர்க்கைகள்தான் என்று குறித்து, செட் அவுட், பிரேக் ஓஃப், டேக் ஓஃப் போன்றவற்றை எடுத்துக்காட்டினார். ‘பிரேசல் வேர்ப்’ என்ற பெயர் 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித்தின் நூல் வழியாகப் பரவியது. அப்பெயரைத் தமக்குச் சொன்னவர் ஒக்ஸ்ஃபோர்ட் அகராதியின் பதிப்பாசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று ஸ்மித் எழுதியிருக்கிறார்.

சொற்கள் நிற்கும் இடம்

பொருளை மனப்பாடம் செய்தவர்களும் வாக்கியத்தில் தவறுவது சொற்கள் நிற்கும் இடத்தில்தான். இதை வாழைச்சேனையை வைத்தே பார்க்கலாம். கோறளைப்பற்றுப் பிரதேசத்தின் தலைமையிடமான வாழைச்சேனை, மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. மீன்பிடித் துறைமுகம், வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டு 1950களில் எழுந்த காகித ஆலை, புகையிரத நிலையம், பக்கத்தில் பாசிக்குடா ஹோட்டல்கள் என்று எடுத்துக்காட்டுக்கு வேண்டிய எல்லாம் ஊருக்குள்ளேயே கிடைக்கின்றன.

நடுக்கடலில் படகின் எஞ்சின் நின்றுபோனால் ‘த எஞ்சின் ப்ரோக் டவுன்’. இந்தப் பொருளில் பிரேக் டவுன் செயப்படுபொருளை ஏற்காது. உப்புநீர்தான் எஞ்சினைக் கெடுத்தது என்று சொல்ல விரும்பினால் வேறு வினை தேட வேண்டும்.

ஸ்விட்ச் ஓஃப் செயப்படுபொருளை ஏற்கும். ‘ஸ்விட்ச் ஓஃப் த லைட்’, ‘ஸ்விட்ச் த லைட் ஓஃப்’ இரண்டும் சரி. லைட் என்ற பெயரை விட்டு இட் என்ற பிரதிப்பெயரைப் போட்டால் ஒரே வழிதான்: ‘ஸ்விட்ச் இட் ஓஃப்’. பிரதிப்பெயர் நடுவில்தான் நிற்கும். ‘ஸ்விட்ச் ஓஃப் இட்’ பிழை. செயப்படுபொருள் நீண்ட தொடராக இருந்தால் நேர்மாறு: அதைக் கடைசியில் வைப்பதே இயல்பு. லுக் ஆஃப்டர் போன்றவை பிரியவே பிரியா. படகைப் பார்த்துக்கொள்வது ‘லுக் ஆஃப்டர் த போட்’. பிரதிப்பெயர் வந்தாலும் ‘லுக் ஆஃப்டர் இட்’. எது பிரியும், எது பிரியாது என்பதைச் சொல்லிப் பார்த்தால் ஓரளவு காது பிடித்துவிடும். பிரியும் வினைகளில் அழுத்தம் இடைச்சொல்லில் விழுகிறது. லுக் ஆஃப்டரில் அது லுக் மேல் விழுகிறது.

மூன்று சொல் சேர்ந்தவையும் உண்டு. 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாட்களில் ரன் அவுட் என்ற சேர்க்கை எல்லார் வாயிலும் இருந்திருக்கலாம். ‘டீசல் முடிஞ்சிட்டு’ என்பதற்கு ஆங்கிலம் ‘த டீசல் ரான் அவுட்’. எழுவாய் டீசல். ‘நாங்கள்’ என்று தொடங்கினால் ஒவ் என்ற சொல்லும் கட்டாயம் வேண்டும்: ‘வீ ரான் அவுட் ஒவ் டீசல்’. தமிழில் முடிந்துபோவது பொருள்தான், ஆள் அல்ல. ஆகவே தமிழர் நாவுக்கு இரண்டாவது வடிவம் எளிதில் வராது. கடிதங்களின் கடைசி வரியில் வரும் லுக் ஃபோர்வர்ட் டு என்பதும் இந்த இனமே. அங்கே டு என்பது இடைச்சொல் என்பதால் அடுத்து வரும் வினை ஹியரிங், மீட்டிங் என்று இங் விகுதியோடுதான் வரும். ‘லுக் ஃபோர்வர்ட் டு ஹியர்’ என்று முடியும் விண்ணப்பங்களுக்குக் குறைவே இல்லை.

ஹோட்டல் வரவேற்பு மேசையில் இன்னொரு நுட்பம். விருந்தினர் செக் இன் செய்யும்போது அழுத்தம் ‘இன்’ மேல். ‘செக்-இன் நேரம்’ என்று பெயராக வரும்போது அழுத்தம் ‘செக்’ மேல். எழுத்திலும் வினை இரண்டு சொல்லாகப் பிரிந்து நிற்கும். பெயர் இணைகோட்டோடு வரும், அல்லது பிரேக்டவுன் போல ஒட்டிவிடும்.

தமிழில் இதற்கு இணை

இந்த உத்தி தமிழருக்கு முற்றிலும் அந்நியமானது என்று சொல்லும் வழிகாட்டிகளை ஒப்புக்கொள்ள முடியாது. எழுது, எழுதி வை, எழுதிப் போடு, எழுதித் தள்ளு ஆகிய நான்கும் ஒன்றல்ல. ‘எழுதித் தள்ளினான்’ என்பதில் யாரும் யாரையும் தள்ளவில்லை. விடு, கொள், போடு, வை, போ, தொலை போன்ற துணைவினைகள் தம் சொந்தப் பொருளை இழந்து, முடிவு, அவசரம், சலிப்பு, முன்னேற்பாடு என்று முதல் வினைக்கு நிறம் ஏற்றுகின்றன. ஈட் அப் என்பதில் அப் செய்யும் வேலையைச் ‘சாப்பிட்டுவிடு’ என்பதில் விடு செய்கிறது.

வேறுபாடு கட்டமைப்பில் இருக்கிறது. தமிழில் முதல் வினை எச்சமாக உறைந்துவிட, காலமும் இடமும் கடைசிச் சொல்லில் ஏறும்: எழுதி வைத்தான், எழுதி வைப்பேன். ஆங்கிலத்தில் முதற்சொல்லே காலம் காட்டும், இடைச்சொல் அசையாது: பிக் அப், பிக்ட் அப், பிக்கிங் அப். தமிழ்ச் சேர்க்கையின் நடுவே ஏகாரமும் உம்மையும் நுழையலாம். ‘எழுதியே வைத்தான்’ என்கிறோம். செயப்படுபொருள் நுழைந்தால் கதை மாறும்: ‘எழுதி அதை வை’ என்பது இரண்டு தனிச் செயல்கள் ஆகிவிடும். ஸ்விட்ச் இட் ஓஃப் எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் நழுவுவதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, சூழலில் தெரிந்த செயப்படுபொருளைத் தமிழ் தாராளமாக விட்டுவிடும். ‘எடுத்து வை’ போதும். ஆங்கிலத்தில் இட் இல்லாமல் அந்த வாக்கியம் அந்தரத்தில் நிற்கும்.

வட்டார வழக்கு

‘லைட்டை ஓஃப் பண்ணு’ என்று சொல்லும்போது நாம் ஸ்விட்ச் என்ற வினையைக் கைவிட்டு, இடைச்சொல்லை மட்டும் எடுத்துப் பண்ணு சேர்க்கிறோம். இதையே ஆங்கிலத்துக்குத் திருப்பினால் ‘ஓஃப் த லைட்’. இலங்கையில் மட்டுமல்ல, சிங்கப்பூரிலும் இது கேட்கும். பஸ்ஸிலிருந்து இறங்குவதைக் கெட் டவுன் என்பது தெற்காசிய ஆங்கிலம். பிரித்தானிய வழக்கில் கெட் ஓஃப். இறங்கு என்ற தமிழ்ச் சொல்லும் அதற்கு இணையான சிங்களச் சொல்லும் கீழ்நோக்கிய அசைவைச் சுட்டுவதால் டவுன் இயல்பாகவே வந்து ஒட்டிக்கொண்டது. கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ சாமான் வருவிப்பதற்கும் இலங்கை ஆங்கிலம் கெட் டவுன் என்கிறது. தமிழ்க் கடைக்காரர் ‘இறக்கின’ சாமான் அதுதான். இத்தகைய வழக்குகளைப் பிழைப்பட்டியலாக அல்லாமல் ஒரு மொழிவகையாகப் பதிவு செய்தது மைக்கல் மெய்லர் 2007இல் வெளியிட்ட இலங்கை ஆங்கில அகராதி.

எல்லா வழக்கும் ஒரே அளவு பாதுகாப்பானது அல்ல. வாழைச்சேனைச் சந்தியில் கெட் டவுன் என்றால் நடத்துநருக்கு விளங்கும், அதைத் திருத்தப் புறப்படுவது வீண்வேலை. ஆனால் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பட்டதாரி ஒருவர் வெளிநாட்டு வேலைக்கு எழுதும்போது ‘ஐ பாஸ்ட் அவுட்’ என்று போட்டால், வாசிப்பவர் முதலில் மயங்கி விழுந்ததாகவே எண்ணக்கூடும். அங்கே ‘கிராஜுவேட்டட்’ என்பதே நல்லது. கோப் அப் வித் என்பதில் வரும் அப்பும் அப்படித்தான். கோப் வித் போதும்.

கற்றலும் தவிர்த்தலும்

மட்டக்களப்பில் முறையான ஆங்கிலக் கல்வி 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் தொடங்கிய பள்ளியோடு பிறந்தது. பின்னாளில் பாடங்கள் தாய்மொழிக்கு மாற, ஆங்கிலம் ஒரு பாடமாகச் சுருங்கியது. புத்தகத்தால் ஆங்கிலம் கற்றவர்க்குப் போஸ்ட்போன், டோலரேட், எக்ஸ்டிங்குயிஷ் போன்ற இலத்தீன் வழிச் சொற்கள் முதலில் கைவருவதும் புட் ஓஃப், புட் அப் வித், புட் அவுட் பின்னால் வருவதும் வழக்கம். இது தமிழர் குறை மட்டுமல்ல. ஹீப்ரு பேசும் மாணவர்கள் பிரேசல் வேர்ப்களைத் தவிர்த்து ஒற்றைச்சொல் வினைகளை நாடுவதை டகட், லாவ்ஃபர் ஆகிய இருவர் 1985இல் ஆய்ந்து எழுதினார்கள்.

ஆயிரக்கணக்கான சேர்க்கைகளைப் பட்டியலிட்டு விற்கும் நூல்கள் பயமுறுத்துகின்றன. தேவை அவ்வளவு இல்லை. பிரித்தானியத் தேசிய மொழித்தொகுப்பை ஆராய்ந்த கார்ட்னர், டேவிஸ் ஆகியோர் 2007இல் காட்டியபடி, 20 வினைகளும் 8 இடைச்சொற்களும் சேர்ந்தே அத்தொகுப்பிலுள்ள பிரேசல் வேர்ப்களில் பாதிக்கு மேற்பட்டவற்றைத் தருகின்றன. கோ, கம், டேக், கெட், செட், புட், பிக் போன்ற சின்ன வினைகளே அவை. ஒவ்வொன்றையும் பொருளோடு மட்டும் எழுதிவைக்காமல், இறந்தகாலத்தில் ஒன்று, இட் போட்டு ஒன்று, கேள்வியாக ஒன்று என மூன்று வாக்கியமாக எழுதிப் பார்ப்பது பயன் தரும். அகராதியில் இவை இடைச்சொல்லின் கீழ் இரா. முதல் வினையின் பதிவின் இறுதியில் தொகுத்திருக்கும். மாணவர் அகராதிகள் அங்கேயே, செயப்படுபொருள் நடுவில் வருமா கடைசியில் வருமா என்பதை ‘சம்திங்’ என்ற சொல்லை உரிய இடத்தில் வைத்துக் காட்டிவிடுகின்றன.