ஏழு வருஷம், ஒரு புத்தகம்: உ.வே.சா.வின் சின்னச் சின்னப் பழக்கங்கள்

உ.வே.சாமிநாதையர் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்த கதை நம்மில் பலருக்கும் மனப்பாடம். கும்பகோணம் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த தமிழாசிரியர், ஊருக்கு மாற்றலாகி வந்த முன்சீப்பைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று இவர் அடுக்குகிறார். முதலியாரிடம் துளி வியப்பு இல்லை. சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் எல்லாம் படித்ததுண்டா என்கிறார். இல்லை. அந்தக் கேள்விதான் அவரை மாற்றியது என்று கதையை முடித்துவிடுவோம்.

எனக்கு இந்த முடிவில் திருப்தி இல்லை. சந்திப்பு நடந்தது 1880 அக்டோபர் 21. சீவக சிந்தாமணி அச்சாகி வந்தது 1887. நடுவில் ஏழு வருஷம். ஒரு கேள்வி குத்தியதால் வருகிற வேகம் ஏழு நாள் தாங்கினாலே பெரிசு. மீதி நாளெல்லாம் அவரை ஓட்டியது எது?

முதலில் ஒரு சின்ன விஷயம். ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ தொடங்கியது 1940-ல். அவருக்கு 85 வயது நெருங்கியிருந்தது. அறுபது வருஷத்துக்கு முந்தைய அந்த நாளை வியாழக்கிழமை என்று சொல்கிறார். தொழில் புத்தி சும்மா இருக்குமா? ஒரு வரி நிரல் எழுதி ஓட்டிப் பார்த்தேன். வியாழன்தான்! வெறும் ஞாபகசக்தியாக இது எனக்குப் படவில்லை. எழுதி வைக்கிற ஆள் என்றுதான் தோன்றுகிறது.

சிந்தாமணியைப் பிரித்ததும் அவருக்குப் பெரிய தடை சமண சமயச் சொற்கள். 3,145 பாட்டும் நச்சினார்க்கினியர் உரையும் கையில் இருந்தும் பல இடங்கள் பிடிபடவில்லை. திருவாவடுதுறைச் சைவ மடத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், கல்லூரி ஆசிரியர். தெரியாது என்று காட்டிக்கொள்ளாமல் தாண்டிப் போயிருக்கலாம். அவர் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போனார். சந்திரநாத செட்டியார் போன்றவர்களிடம் மாணவனாக உட்கார்ந்து கேட்டார். தமிழ்ப் புலவர்கள் கைவிட்ட காப்பியம் அந்த வீடுகளில் பக்தியோடு படிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. சைவ மடத்துப் பிள்ளைக்குச் சமண நூல் எதற்கு என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் மட்டும் ஊக்கப்படுத்தினார்.

இரண்டாவது பழக்கம், குறித்து வைப்பது. நச்சினார்க்கினியர் உரையில் மேற்கோள் மேல் மேற்கோளாக வரும். பல இடங்களில் எந்த நூல் என்று சொல்லவே மாட்டார். புரியாததைத் தாண்டிப் போவதுதான் நம் எல்லோருக்கும் வழக்கம். ஐயர் அப்படி விடாமல் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளில் பத்துப்பாட்டு அகப்பட்டபோது, தெரியாமல் கிடந்த பல மேற்கோள்களுக்கு விலாசம் கிடைத்தது. 1889-ல் பத்துப்பாட்டு பதிப்பாகவே வந்தது. 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை. ஒரு நூலில் விடை கிடைக்காத கேள்வி அடுத்த நூலுக்கு வாசலாச்சு.

மூன்றாவது, ஒப்பிடுவது. ஏட்டில் மெய்க்குப் புள்ளி இருக்காது. எகர ஒகரக் குறில் நெடிலுக்கு வித்தியாசம் தெரியாது. ரகரமும் காலும் ஒன்றுபோல இருக்கும். பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதே தகராறு. வழி ஒன்றுதான்: பல ஊர்ப் பிரதிகளைத் தேடி வாங்கி வரிக்கு வரி வைத்துப் பார்ப்பது. இரண்டு கோப்புகளின் வேறுபாட்டை இன்று நமக்குக் கணினி ஒரு நொடியில் காட்டிவிடும். அவர் கல்லூரி வேலை முடிந்து வந்து கண்ணால் பார்த்தார்.

அவர் ஒற்றை ஆளாக வானத்திலிருந்து குதித்தவர் இல்லை என்பதையும் சொல்லணும். நாமகள் இலம்பகத்தை மட்டும் 1868-லேயே பவர் பாதிரியார் அச்சிட்டிருந்தார். யாழ்ப்பாணத்து சி.வை.தாமோதரம் பிள்ளை கும்பகோணத்துக்கே குடிவந்து, சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்கிறேன், பிரதியைத் தாருங்கள் என்று கேட்டதும் நடந்தது. ஐயர் தரவில்லை. அதற்குள் அந்த நூல் அவருடைய அன்றாடமாகவே ஆகிவிட்டிருந்தது.

நானும் கொஞ்ச காலமாக வாரத்துக்கு ஒரு தெரியாத சொல்லைக் கைபேசியில் குறித்து, அதைப் புழங்குகிற ஒருவரிடம் கேட்கிறேன். போன மாசம் ‘தாளடி’. பாபநாசம் பக்கம் விவசாயம் பார்க்கும் சித்தப்பாவிடம் கேட்டேன். “குறுவை அறுத்த தாள மடக்கி உழுது நடுறதுப்பா, அதான் தாளடி” என்றார். ஐந்து நிமிஷத்தில் முடிந்த விஷயம். ஆனால் அதன்பிறகு வயலைப் பார்க்கும்போது கண் தானாகவே தாளைத் தேடுகிறது.

ஆர்வம் வந்த பிறகு பழக்கம் வரும் என்று நினைக்கிறோம். இந்த ஏழு வருஷத்தைப் பார்த்தால், பழக்கம்தான் ஆர்வத்தை அணையாமல் வைத்திருக்கிறது. அடுத்த முறை கும்பகோணம் போனால் மகாமகக் குளத்தோடு திரும்பிவிடாமல், ஊருக்குள் இருக்கும் சந்திரபிரபர் சமணக் கோயிலையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாங்க. சிந்தாமணியைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களில் அந்தச் சமூகத்தாரும் உண்டு.