சேலம் – சென்னை வான்வழி

ஓமலூரை அடுத்த காமலாபுரத்திலுள்ள சேலம் விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையேயுள்ள நேர்தூரம், பூமியின் வளைவையும் கணக்கிற் கொண்டு அளந்தால், ஏறத்தாழ 265 கிலோமீட்டர். விமானிகள் கைக்கொள்ளும் கடல் மைல் கணக்கில் 143. உளுந்தூர்ப்பேட்டை மார்க்கமாகத் தரையிற் செல்பவர் சுமார் 340 கிலோமீட்டர் பிரயாணம் செய்ய வேண்டும்.

வரைபடத்தில் இவ்விரு நிலையங்களையும் ஒரு கோட்டினால் இணைத்தால், அது சேர்வராயன் மலைகளின் வடபுறத்தைத் தாண்டி, அரூரை ஒட்டிச் சென்று, சாத்தனூர் நீர்த்தேக்கத்துக்குச் சற்று வடக்கே போய், திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையின் மேற்புறத்திலுள்ள அடி அண்ணாமலைக்கு வடமேற்கே பத்துக் கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்தில் கடந்து, சேத்துப்பட்டு வட்டாரத்தின் வழியாகக் காஞ்சிக்கும் உத்திரமேரூருக்கும் நடுவே புகுந்து சென்னையை அடைகிறது. விமானம் இக்கோட்டை அணுவளவும் பிசகாமல் பின்பற்றுவதில்லை. ஆகாயப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் உத்தரவும் அன்றைய வானிலையும் அதனைச் சிறிது இப்புறமோ அப்புறமோ விலக்கும்.

இவ்வழியில் பெரும்பாலும் பறந்திருப்பது இரட்டை விசிறி கொண்ட ஏ.டி.ஆர். 72 ரக விமானமே; காமலாபுரத்து ஓடுபாதை 1,806 மீட்டர் நீளமே உடையதாகையால் அது பொருத்தமான தேர்வுமாகும். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லவல்ல இவ்விமானத்துக்கு 265 கிலோமீட்டர் என்பது முப்பத்திரண்டு நிமிஷப் பறப்புத்தான். ஆயினும் அட்டவணையிற் குறிக்கப்படும் நேரம் ஐம்பது நிமிஷம். சில காலங்களில் ஒரு மணியையும் தாண்டும். முழு வேகம் கைகூடுவது மேலேறி முடிந்த பிறகே. ஏறிச் சமன்பட்டதும் இறங்கத் தொடங்கவேண்டிய இத்தகைய குறும்பயணத்தில் அவ்வேகம் நீடிக்கும் பொழுது சொற்பம். இதனோடு, நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரமும், நெரிசல் மிகுந்த சென்னையில் இறங்கும் முறைக்காகக் காத்திருக்கும் நேரமும், தாமதத்தை மறைக்க நிறுவனங்கள் முன்னெச்சரிக்கையாகச் சேர்த்துக்கொள்ளும் நேரமும் கூடுகின்றன. கடைசியாகச் சொன்னதைப் பிரயாணி அறிவது அரிது. குறித்த நேரத்துக்கு முன்பே இறங்கிவிட்டதாக மகிழ்ந்துபோவான்.

சேலம் நிலையம் 1993-இல் என்.இ.பி.சி. நிறுவனத்தின் சேவையுடன் தொடங்கிப் பின்னர் நெடுங்காலம் வெறுமையாய்க் கிடந்தது. 2009-இல் கிங்ஃபிஷர் வந்து சில ஆண்டுகளில் நின்றது. மத்திய அரசு மானியம் அளிக்கும் உடான் திட்டத்தின் கீழ் 2018 மார்ச் 25 அன்று ட்ரூஜெட் தொடங்கிய சென்னைச் சேவையும் 2021-இல் ஓய்ந்தது. 2023 அக்டோபரில் இண்டிகோ அதனை மீண்டும் தொடங்கிற்று. தூரம் மாறாதிருக்க, சேவை மட்டும் இவ்வாறு தோன்றியும் மறைந்தும் வருவதற்கு, மானியத்தை நம்பிய வியாபாரம் என்பதும் ஒரு காரணமெனலாம்.

மேற்சொன்ன கோட்டுக்கு அருகிலேயே வாழ்ந்தும், அடி அண்ணாமலை வாசிக்கு இவ்வான்வழியால் நேரடிப் பயன் ஏதுமில்லை. சென்னை அவருக்குச் சாலையில் 190 கிலோமீட்டரளவே ஆதலால், சேலம் வரை மேற்கே போய் விமானமேறுவது வீண் அலைச்சல். வெளியூருக்குப் பறக்க விரும்புவோருக்கு, செஞ்சி வழியே நூறு கிலோமீட்டரைச் சற்றே தாண்டினால் எட்டும் புதுச்சேரி நிலையம் உண்டு. அங்கிருந்து 2024 டிசம்பரில் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் இண்டிகோ விமானங்கள் புறப்படத் தொடங்கின.