பங்க், ரெகே இசையும் பிரித்தானியக் குடிநுழைவு அரசியலும்

முன்னுரை

1970களின் பிற்பகுதியில் பிரித்தானியாவின் குடிநுழைவுச் சிக்கல் நாடாளுமன்றத்தில் மட்டுமன்றி இசைமேடைகளிலும் பேசுபொருளாயிற்று. வேலையின்மை மிகுந்த அக்காலத்தில் வெள்ளையின இளைஞர்களிடையே எழுந்தது பங்க் இசை. ரெகே, ஜமைக்காவில் பிறந்து கரீபியக் குடியேறிகளுடன் பிரித்தானிய நகரங்களுக்கு வந்த இசை. இவ்விரண்டும் இணைந்து இனவாதத்தை எதிர்த்த வரலாறு பொதுவாக வெற்றிக் கதையாகவே கூறப்படுகிறது. அவ்வெற்றி எத்தளத்தில் நிகழ்ந்தது, எத்தளத்தை எட்டவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சட்டப் பின்னணி

பேரரசின் குடிகள் பிரித்தானியாவில் நுழைந்து வாழும் உரிமையை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் உறுதிசெய்தது. அவ்வாண்டு ஜூன் திங்களில் எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் கரீபியத் தீவினர் பலரை இங்கிலாந்தில் சேர்த்தது. பின்னர் 1962, 1968, 1971ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் அவ்வுரிமையைப் படிப்படியாகச் சுருக்கின. 1968 ஏப்ரல் 20இல் பர்மிங்காமில் ஈனோக் பவல் ஆற்றிய உரை குடியேறிகள்மீதான அச்சத்தை வளர்த்தது. 1967இல் தோன்றிய தேசிய முன்னணிக் கட்சி அவ்வச்சத்தை வாக்காக மாற்ற முனைந்தது.

இசைவழி இணைவு

1976 ஆகஸ்டு 5இல் பர்மிங்காம் மேடையொன்றில் கித்தார்க் கலைஞர் எரிக் கிளாப்டன் பவலை ஆதரித்துப் பேசினார். ஈராண்டுகளுக்கு முன்னர் பாப் மார்லியின் ரெகே பாடலைப் பாடி அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றவர் அவர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அப்பேச்சைக் கண்டித்து ரெட் சாண்டர்சும் நண்பர்களும் இசை இதழ்களுக்கு எழுதிய கடிதமே ‘இனவாதத்திற்கு எதிரான ராக்’ இயக்கத்திற்கு வித்திட்டது.

அம்மாத இறுதியில் இலண்டன் நாட்டிங் ஹில் திருவிழாவில் கறுப்பின இளைஞர்களும் காவல்துறையினரும் மோதினர். ஐயத்தின் பேரிலேயே கைதுசெய்ய இடமளித்த 1824ஆம் ஆண்டு நாடோடிகள் சட்டம் கறுப்பின இளைஞர்மீது மிகுதியாக ஏவப்பட்டமை அவர்தம் சினத்திற்கு ஒரு காரணமாகும். அம்மோதலை நேரில் கண்டோருள் தி கிளாஷ் குழுவினரும் அடங்குவர். 1977இல் வெளிவந்த தம் முதல் இசைத்தொகுப்பில் அவர்கள் ஜூனியர் மர்வினின் ரெகே பாடலொன்றைப் பங்க் முறையில் பாடினர். அதே ஆண்டு இலண்டன் ராக்சி மன்றத்தில், ஜமைக்கக் குடியேறிகளின் மகனான டான் லெட்ஸ், பங்க் இசைத்தட்டுகள் அரிதாயிருந்தமையால் ரெகே தட்டுகளை ஒலிக்கவிட்டார்.

1978 ஏப்ரல் 30இல் டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்காவரை பேரணி நடைபெற்றது. அங்கே தி கிளாஷ், பர்மிங்காமின் ரெகே குழுவான ஸ்டீல் பல்ஸ், சோமாலியத் தந்தைக்குப் பிறந்த பாலி ஸ்டைரினின் எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் முதலிய குழுக்கள் பாடின. ஏறத்தாழ 80,000 பேர் கூடியதாகக் கணிக்கப்படுகிறது. 1979 மே பொதுத்தேர்தலில் தேசிய முன்னணி 303 வேட்பாளர்களை நிறுத்தியும் தான் போட்டியிட்ட தொகுதிகளில் சராசரியாக 1.3 விழுக்காட்டு வாக்குகளையே பெற்றது.

வெற்றியின் எல்லை

இவ்வீழ்ச்சிக்கு இசை மட்டுமே காரணம் எனல் பொருந்தாது. 1978 ஜனவரியில் மார்கரெட் தாட்சர் தொலைக்காட்சி நேர்காணலில், வேற்றுப் பண்பாட்டினரால் நாடு மூழ்கிவிடுமோ என மக்கள் அஞ்சுவதாகக் கூறினார். குடிநுழைவு எதிர்ப்பு வாக்குகளில் ஒரு பகுதி அவர்தம் கட்சிக்குச் சென்றது.

1979 ஏப்ரல் 23இல், பஞ்சாபியர் மிகுதியாக வாழ்ந்த சவுத்தாலில், தேசிய முன்னணிக் கூட்டத்தை எதிர்த்த ஆர்ப்பாட்டத்தின்போது பிளேர் பீச் என்னும் ஆசிரியர் தலையில் அடிபட்டு இறந்தார். அடித்தவர் பெரும்பாலும் காவலர் ஒருவரே என்னும் உள்விசாரணை முடிவு 2010இல்தான் வெளியிடப்பட்டது. அன்று மிஸ்டி இன் ரூட்ஸ் ரெகே குழுவின் மேலாளரும் கடுமையாகக் காயமுற்றார்.

இலங்கைத் தமிழரான அ. சிவானந்தன் 1958இன் இனக்கலவரத்தையடுத்து இலண்டனில் குடியேறி, பின்னர் அங்குள்ள இன உறவுகள் நிறுவனத்தின் இயக்குநரானார். தனிமனித வெறுப்பினும் சட்டத்தில் உறையும் அரசின் இனவாதமே கொடிது என்பது அவர் தொடர்ந்து வலியுறுத்திய கருத்தாகும். 1981ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இக்கருத்துக்குச் சான்றாகிறது. 1983 ஜனவரி 1 முதல், பிரித்தானிய மண்ணில் பிறந்ததனாலேயே குடியுரிமை பெறும் நிலையை அச்சட்டம் முடிவுக்குக் கொண்டுவந்தது.

முடிவுரை

பங்க், ரெகே இணைவு ஓர் இளந்தலைமுறையினரிடையே இனவாதத்தை வெட்கத்திற்குரியதாக்கியது. தேசிய முன்னணிக்கு இளைஞர் கூட்டத்தை எளிதில் கிட்டாமற் செய்தது. எனினும், சட்டம் எதிர்த்திசையிலேயே நடந்தது. விண்ட்ரஷ் தலைமுறையினர் பலர், ஆவணமில்லை எனக் கூறப்பட்டு வேலையும் மருத்துவமும் மறுக்கப்பட்டமையும், சிலர் நாடு கடத்தப்பட்டமையும் 2018இல் வெளிப்பட்டன. இசையியக்கத்தின் வரலாற்றைச் சட்ட வரலாற்றுடன் இணைத்துக் கற்பிக்கும்போதே மாணவர் அதன் முழுப்பொருளை உணர்வர் எனலாம்.