திருமணியும் டாப்சோனும்

செங்கல்பட்டு என்றதும் பலருக்கு ஏரியும் ரயில் சந்திப்பும் நினைவுக்கு வரும். அந்தப் பக்கம் குமாஸ்தாவாகக் காலம் தள்ளிய எனக்கு, ஊரை அடுத்த திருமணிதான் முதலில் நினைவுக்கு வரும்.

1924-ல் அங்கே லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை தொடங்கியது. அப்போது மருந்து என்றால் நீரடிமுத்து எண்ணெய் ஊசிதான். வலி அதிகம், பலன் சொற்பம். 1946-ல் அங்கிருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் டாப்சோனைக் கொடுத்துப் பார்த்தார். அது 1908-லேயே ஜெர்மனியில் தயாரிக்கப்பட்ட பொருள். கிருமிகளை அடக்கும் குணம் அதற்கு உண்டு என்று 1937-ல்தான் தெரிந்தது. அதைக் கண்டவர்களில் பாரிஸ் பாஸ்தர் நிறுவனத்தாரும் உண்டு. பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பள்ளியில் கேட்ட பாஸ்தர் பெயர் நம்மூர்த் திருமணியோடு சேர்ந்ததில் எனக்கொரு சந்தோஷம்.

சரி, டாப்சோன் உடம்புக்குள் என்ன செய்கிறது? உயிரணு பெருக ஃபோலேட் என்ற சத்து வேண்டும். நமக்கு அது கீரையிலும் பருப்பிலும் கிடைத்துவிடுகிறது. தொழுநோய்க் கிருமியோ அதைத் தானே தயாரித்துக்கொள்ள வேண்டும். பாரா அமினோ பென்சாயிக் அமிலம் என்ற மூலப்பொருளை ஒரு நொதி பிடித்துச் சேர்த்தால்தான் அந்த வேலை நடக்கும். டாப்சோன் மூலக்கூறு பார்வைக்கு அந்த அமிலம் மாதிரியே இருக்கும். நொதியில் அமிலம் உட்காரும் இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். கிருமிக்குச் சத்து இல்லை, பெருக்கம் இல்லை. அந்த நொதி நம் உடம்பில் கிடையாது என்பதால் நமக்கு அந்த நஷ்டம் இல்லை.

ஆனால் டாப்சோன் கிருமியைப் பெருகவிடாமல் தடுக்குமே தவிர, சீக்கிரம் கொல்லாது. ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டியிருந்தது. நொதியின் உருவம் சற்றே மாறிய கிருமிகள் தப்பிப் பிழைத்தன. மருந்துக்கு அடங்காத கிருமிகள் உண்டென்று 1964-ல் மலேசியாவில் நிரூபித்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. அதில் ரிஃபாம்பிசின், மரபணுச் செய்தியைப் படியெடுக்கும் நொதியை முடக்கிக் கிருமியைக் கொன்றுவிடும். ஒன்றுக்குத் தப்பும் கிருமி இன்னொன்றில் மாட்டும். இப்போது ஆறு மாதம் அல்லது ஒரு வருஷத்தில் சிகிச்சை முடிகிறது.

மாமல்லபுரம் பக்கத்துக் கடலோரக் கிராமங்களிலிருந்து உதவித்தொகை மனுவோடு வந்தவர்களில், கைநாட்டு வைக்க விரல் மிஞ்சாதவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் உடம்பில் கிருமி செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. செத்த நரம்பு மட்டும் திரும்பவில்லை. அதை மீட்கும் வேலை இந்த மருந்துகளுக்குத் தெரியாது.

ஆகவே அன்பர்களே, தொட்டால் உணர்ச்சி தெரியாத வெளிறிய தேமல் யாருக்காவது இருந்தால் மறைக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். மருந்து இலவசம்.