கணக்கெடுப்பில் நம்ம தருமபுரிப் பெண்பிள்ளைகள்

சேமிப்பு, கடன், வட்டின்னு மாசாமாசம் கணக்கு எழுதுறவங்க நாம. குழு நோட்டைத் திறந்தா யார் பணம் கட்டலைன்னு உடனே தெரிஞ்சிடும். அதே மாதிரி நம்ம மாவட்டத்துக்கும் ஒரு பெரிய நோட்டு இருக்கு. அதுதான் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கிற மக்கள்தொகைக் கணக்கு. அதை ஆண், பெண், வயசுன்னு பிரிச்சுப் பார்த்தா யாரைக் காணோம்னு தெரியும்.

முதல் கணக்கு 1871-ல் எடுத்தாங்க. அப்போ தருமபுரி தனி மாவட்டம் இல்லை, சேலத்தோட சேர்ந்திருந்தது. 1965 அக்டோபர் 2-ல்தான் பிரிஞ்சோம். 1871-ல் பழைய சேலம் மாவட்டத்தில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். பத்து வருஷம் கழிச்சு 1881-ல் எண்ணினப்போ சுமார் 16 லட்சம் பேர்தான். கூட வேண்டிய ஜனம் மூணரை லட்சத்துக்கும் மேலே குறைஞ்சு போச்சு. நடுவிலே வந்தது 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சம். பட்டினியிலும் காலராவிலும் செத்தவங்களும் உண்டு, ஊரை விட்டுப் போனவங்களும் உண்டு. பஞ்ச காலத்தில் பிள்ளை பிறப்பும் குறைஞ்சிடும். வயித்துக்கே இல்லாத உடம்பிலே கரு எப்படி நிக்கும்? பிறந்ததும் தங்காது. அதனாலதான் ஒரு பஞ்சம் வந்தா வயசுக் கணக்கிலே ஒரு பள்ளம் விழும்.

வயசு விஷயத்தில் இன்னொண்ணு. பிறந்த தேதி எழுதி வைக்காத காலம் அது. "தாது வருஷப் பஞ்சத்தப்போ நான் இடுப்புப் பிள்ளை"ன்னு சொன்னா எண்ண வந்தவர் ஒரு குத்துமதிப்பா போட்டுக்குவார். அதனால பழைய கணக்கிலே 40, 50, 60 வயசுக்காரங்க அளவுக்கு மேலே இருப்பாங்க, 41, 51-க்காரங்க கம்மி. நம்ம மாமியாருங்களைக் கேட்டாலும் இன்னைக்கும் அறுபதுன்னுதானே சொல்லுறாங்க!

1901-ல் இப்போதைய தமிழ்நாட்டு எல்லைக்குள்ளே 1000 ஆணுக்கு 1044 பெண்கள் இருந்தாங்க. இலங்கை, பர்மா, மலேயான்னு ஆம்பிளைங்க வேலைக்குப் போனது அதுக்கு ஒரு காரணம். அப்புறம் குறைஞ்சு குறைஞ்சு 1991-ல் 974-க்கு வந்துட்டோம்.

என் மனசை அறுத்தது அதுக்கடுத்த கணக்குதான். 0 முதல் 6 வயசு வரை உள்ள பிள்ளைகளைத் தனியா எண்ணுவாங்க. இயற்கையா 1000 ஆண்பிள்ளைக்கு ஏறக்குறைய 950 பெண்பிள்ளை இருக்கணும். 2001-ல் இப்போதைய தருமபுரி மாவட்டத்தில் இருந்தது 826. பஞ்சம் ஆண் பெண் பார்க்காது, இந்தப் பள்ளம் பெண்பிள்ளை பக்கம் மட்டும் விழுந்த பள்ளம். கள்ளிப்பால், நெல்லுமணின்னு நாம கேள்விப்பட்டதெல்லாம் இந்த 826-க்குள்ளே இருக்கு. ஸ்கேன் மிஷின் வந்தப்புறம் வயித்திலேயே முடிச்சதும் இதுக்குள்ளேதான் இருக்கு. இதைச் செஞ்சது யாரோ வெளியூர்க்காரங்க இல்லை. வரதட்சணைக்குப் பயந்த நம்ம வீடுகள்தான். பிரசவம் பார்த்த கையும் பெரும்பாலும் பொம்பளை கைதான். இதை எழுதக் கூச்சமா இருக்கு, ஆனா நம்ம மலரிலே எழுதாம வேற எங்கே எழுதுறது?

1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கினாங்க, 2001-ல் தருமபுரிக்கும் வந்தது. கருவிலே ஆணா பெண்ணான்னு சொல்லக் கூடாதுன்னு 1994-ல் சட்டம் வந்தது. நம்ம மகளிர் குழுவும் தமிழ்நாட்டிலே முதல்ல 1989-ல் தருமபுரியில்தான் ஆரம்பிச்சது. எதனால எவ்வளவு மாறுச்சுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. கையிலே நாலு காசும் பேச ஒரு கூட்டமும் இருக்கிற பொம்பளை, பெண் பிறந்தா முன்னே மாதிரி நடுங்குறதில்லைன்னு நான் நினைக்கிறேன்.

2011-ல் மாவட்டத்தில் மொத்தம் 15,06,843 பேர். ஆறு வயசுக்குள்ளே ஆண்பிள்ளை 87,777, பெண்பிள்ளை 80,163. அதாவது 1000-க்கு 913. பத்து வருஷத்தில் 87 கூடியிருக்கு. சந்தோஷம்தான், ஆனா 950 இன்னும் வரலை.

2001-ல் எண்ணின அந்தப் பையன்களுக்கு இப்போ கல்யாண வயசு. பொண்ணு கிடைக்கலைன்னு தரகர்கிட்ட அலையுற அம்மாக்களை நம்ம கூட்டத்திலேயே பார்க்கிறோம். அன்னைக்குப் பெண் வேண்டாம்னு சொன்ன ஊருதான் இன்னைக்கு நகை போடாட்டியும் பரவாயில்லை, பொண்ணு கொடுங்கன்னு கேக்குது.

2021-ல் எடுக்க வேண்டிய கணக்கு தள்ளிப் போச்சு. 2027 மார்ச் 1 நிலவரப்படி அடுத்தது எடுக்கப் போறாங்க. அந்த 0 முதல் 6 கட்டத்தில் வரப்போறது 2020 மார்ச்சுக்கு அப்புறம் பிறந்தவங்க. இப்போ நம்ம குழுக் கூட்டத்திலே மடியிலே தூங்குற பிள்ளைங்கதான் அவங்க.