வால்வு ஒலி டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்

கண்ணாடிக் குழலான வால்வு ஒன்றுகூட இல்லாமல், வால்வு செட்டின் இதமான ஒலியைத் தரும் உயர்தர டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப்ளிஃபயர். அந்த ஒலி தமிழ்நாட்டாருக்கு மைக் செட் வழியே பழகியது. அரியலூர் மாவட்டத்து ஆலத்தியூர் போன்ற ஊர்களில் திருவிழாவுக்கு மரத்தில் குழாய் கட்டிப் பாட்டுப் போட்ட அந்நாளில், சுவிட்சைப் போட்டதும் பாட்டு வராது. வால்வின் இழை சிவந்து சூடேற வேண்டும்.

இதத்துக்குக் காரணம் மேற்சுரங்கள். வால்வு திணறும்போது அலையின் உச்சி மெல்ல வளைகிறது. டிரான்சிஸ்டரில் கத்தரித்தாற்போல் வெட்டுப்படுகிறது. ஒற்றை வால்வில் மிகுந்து பிறப்பது இரண்டாம் மேற்சுரம். சட்ஜத்துக்கு அது மேல் ஸ்தாயிச் சட்ஜம். ஆகவே பாட்டோடு ஒட்டிக்கொள்கிறது. ஏழாவது மேற்சுரமோ எந்தச் சுரஸ்தானத்திலும் சரியாக அமராது. தொடக்ககால கிளாஸ் பி டிரான்சிஸ்டர் செட்டுகளிலோ, அலையின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் கைமாறும் இடத்தில் இத்தகைய பிசிறுகள் எழுந்தன. ஒலியைக் குறைத்து வைத்தால்தான் அவை அதிகம் உறுத்தும்.

இதற்கு மருந்து கண்டவர் ஜான் லின்ஸ்லி ஹுட். 1947இல் வெளிவந்த வில்லியம்சனின் வால்வு செட்டையே அளவுகோலாகக் கொண்டு, 1969 ஏப்ரல் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில், டிரான்சிஸ்டர் ஒருபோதும் அணையாததால் கைமாற்றமே இல்லாத 10 வாட் கிளாஸ் ஏ செட்டை வெளியிட்டார். சேனலுக்கு 4 டிரான்சிஸ்டர், அவ்வளவே. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 27 வோல்ட்டில் 1.2 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும்; 10 வாட் ஒலிக்கு 32 வாட் செலவு, பாட்டு நின்றாலும் குறையாது. ஹீட் சிங்க்கில் கை வைத்தால் சுடும். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் 2என்3055 டிரான்சிஸ்டரைக் கொண்டும் இதைக் கட்டலாம். எளிமையில் இதை மிஞ்சிய வடிவமைப்பு அரிது.

ஜப்பானியர் டிரான்சிஸ்டரையே மாற்றினார்கள். நிஷிசாவா 1950இல் கண்டுபிடித்த எஸ்ஐடி என்னும் டிரான்சிஸ்டர், மூன்று முனை வால்வைப் போலவே நடந்துகொள்ளும். அவ்வகை வி-ஃபெட்டுகளோடு 1974இல் யமஹா பி-1 வந்தது. சேனலுக்கு 150 வாட்.

அமெரிக்காவின் பாப் கார்வர் 1985இல், தம் டிரான்சிஸ்டர் செட்டை கான்ராட்-ஜான்சன் வால்வு செட்டுக்கு இணையாக்கிக் காட்டினார். இரண்டின் வெளியீட்டையும் ஒன்றுக்கொன்று எதிராக ஒரே ஸ்பீக்கரில் மோதவிட்டு, எஞ்சும் ஒலி ஏறக்குறைய மறையும்வரை திருத்தினார். ‘ஸ்டீரியோஃபைல்’ இதழாசிரியர்களால் பிரித்தறிய முடியவில்லை. ஒலியைத் தீர்மானிப்பது சுற்றமைப்பே, கண்ணாடிக் குழல் அல்ல என்பது அன்றே தெளிவாயிற்று.

இன்று மைக் செட்டுகளில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் கிளாஸ் டி வகை பெருகியுள்ளது. கிளாஸ் ஏ வகையை ஃபர்ஸ்ட் வாட் போன்ற சிறு நிறுவனங்கள் செய்கின்றன.