செட்டிநாட்டு மேலாள் முறை

செட்டிநாட்டு மேலாள் முறை என்பது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நாட்டுக்கோட்டை நகரத்தார் தங்கள் கடல்கடந்த வட்டிக்கடைகளை நடத்தக் கைக்கொண்ட நிர்வாக அமைப்பு. முதலாளி செட்டிநாட்டில் இருக்க, சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட மேலாள் தொலைதூரக் கடையின் முழுப் பொறுப்பையும் ஏற்று நடத்துவது இதன் அடிப்படை.

தோற்றம்

1852-இல் நடந்த இரண்டாம் ஆங்கில-பர்மியப் போருக்குப் பின் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமானது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் பர்மிய அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது. ஐராவதி வடிநிலத்தில் காடழித்து வயலாக்கிய விவசாயிகளுக்குக் கடன் தேவைப்பட்டது. ஐரோப்பிய வங்கிகள் சிற்றூர்களுக்குச் செல்லவில்லை. அந்த இடத்தை நகரத்தார் நிரப்பினர். இலங்கை, மலேயா, சைகோன் ஆகிய இடங்களிலும் கடைகள் திறக்கப்பட்டன. ஒருவர் ஒரே நேரத்தில் பல ஊர்களில் கடை வைத்தபோது எல்லாவற்றையும் நேரில் பார்ப்பது இயலாததாயிற்று. கூட்டுக்குடும்பத்துப் பிள்ளைகளும் போதவில்லை. அந்நிலையில் வெளியாளை நம்பிப் பணத்தை ஒப்படைப்பதற்கு ஒரு முறை தேவைப்பட்டது.

பதவி அடுக்கு

கடையின் தலைமைப் பொறுப்பாளர் மேலாள். அவருக்கு உதவியாகக் கணக்கும் வசூலும் பார்ப்பவர் அடுத்தாள். அதற்கடுத்த நிலையில் பெட்டியடிப் பையன் இருந்தான். சிறுவயதிலேயே கடல்கடந்து சென்ற இவன் கடைவேலைகளைச் செய்துகொண்டே எழுத்தும் கணக்கும் கற்றான். திறமை காட்டியவர்கள் அடுத்தாளாகி, மேலாளாகி, பொருள் சேர்த்தபின் சொந்தக் கடையும் வைத்தனர். எனவே இவ்வமைப்பு தொழிற்பள்ளியாகவும் விளங்கியது.

ஒப்பந்தமும் கட்டுப்பாடும்

மேலாளின் பணிக்காலம் பொதுவாக மூன்று ஆண்டுகள். முதலாளியின் பெயரில் கடன் கொடுக்கவும் வழக்காடவும் அவருக்குப் பவர் பத்திரம் எழுதித் தரப்பட்டது. சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகக் கிடைத்தது. கடை ஈட்டிய ஆதாயத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. தவணை முடிந்ததும் அடுத்த மேலாளிடம் பாக்கிகளையும் பத்திரங்களையும் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினார். கொடுத்த கடன்களை மற்றொருவர் வந்து பார்ப்பார் என்பதே அவருக்கு ஒரு கட்டுப்பாடாக இருந்தது.

அன்றாட வரவு செலவு குறிப்பிலும், ஆள்வாரிக் கணக்கு பேரேட்டிலும் எழுதப்பட்டன. கடையின் நிலையைக் காட்டும் ஐந்தொகை ஊருக்கு அனுப்பப்பட்டது. மேலாளின் மனைவி மக்கள் பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே இருந்தனர். மேலாளும் முதலாளியும் ஒன்பது நகரக் கோயில்களைச் சார்ந்த ஒரே சமூகத்தினர். ஏமாற்றியவருக்கு வேறு கடையில் வேலை மட்டுமல்ல, பெண் கிடைப்பதும் அரிது. நீதிமன்றத்தைவிட இந்த அச்சமே வலுவாக இருந்தது. இதற்கான விலையைக் குடும்பங்கள் கொடுத்தன: தந்தை முகம் அறியாமலே குழந்தைகள் மூன்று வயதை எட்டின.

கடைகளுக்கிடையே பொது ஏற்பாடும் இருந்தது. ரங்கூன் மொகல் தெருவிலிருந்த செட்டியார் கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தனர். அவ்வட்டியில் ஒருவருக்கொருவர் பணம் புரட்டிக்கொண்டதால், சிறிய கடையும் தன் முதலைவிட அதிகமாகக் கடன் கொடுக்க முடிந்தது.

வளர்ச்சியும் சரிவும்

1930 அளவில் பர்மாவில் சுமார் 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன. பெரும்பாலான கடன்களுக்கு நிலமே ஈடு. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை வீழ்ந்தபோது விவசாயிகளால் கடனைத் திருப்பித் தர முடியவில்லை. நிலம் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் நகரத்தார் வசமிருந்த நிலம் 1930-இல் ஏறக்குறைய 6 விழுக்காடு. 1938-இல் 25 விழுக்காடு. மூன்றாண்டுத் தவணையில் பணத்தைச் சுழற்றுவதற்காக உருவான அமைப்பு, விற்க முடியாத வயல்களைக் கட்டிக்காக்க வேண்டியதாயிற்று. நிலமிழந்த பர்மியரின் கசப்பு அரசியல் எதிர்ப்பாக மாறியது. அதை எதிர்கொள்ளக் கணக்கேட்டில் வழி இல்லை.

1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது கடைகள் கைவிடப்பட்டன. 1948-இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. அத்துடன் பர்மாவில் மேலாள் முறை முடிவுக்கு வந்தது.